தளப்பொருள் செறிவும் நொதி வினைவேகமும்

நொதியின் அளவு மாறாதபோது, தளப்பொருளின் செறிவு கூடக்கூட வினைவேகம் முதலில் விரைந்து ஏறும்; நொதியின் செயல்மையங்கள் நிரம்ப நிரம்ப ஏற்றம் தளர்ந்து உச்சவேகத்தை நெருங்கும். சர்க்கரையைப் பிளக்கும் இன்வர்டேஸைக் கொண்டு மைக்கேலிஸும் மாட் மென்டனும் 1913இல் இதைச் சமன்பாடாக்கினர். உச்சவேகத்தில் பாதியைத் தரும் செறிவு மைக்கேலிஸ் மாறிலி எனப்படும்.

இந்தத் தொடர்பை இறால் பதப்படுத்தலிலும் காணலாம். கொச்சியில் இறால் ஏற்றுமதி பெருந்தொழில். மீன் பதப்படுத்தலை ஆராயும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 1957 முதல் அங்கே இயங்குகிறது. பிடித்த இறாலின் ஓட்டில் விழும் கரும்புள்ளி நோயன்று, நொதிவினை: பாலிஃபீனால் ஆக்சிடேஸ் டைரோசின் போன்ற பொருள்களை ஆக்சிஜனேற்ற, முடிவில் மெலனின் உருவாகிறது. இங்கே ஆக்சிஜனும் ஒரு தளப்பொருளே என்பது முக்கியம். பனிக்கட்டி நொதியை மந்தமாக்குகிறது. வெற்றிடப் பொதியோ ஆக்சிஜன் செறிவைக் குறைத்து வேகத்தைத் தணிக்கிறது.