மண்ணெண்ணெய்க் காரின் மறுபக்கம்

மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்களின் படங்கள் முகநூலில் அடிக்கடி சுற்றி வருகின்றன. கீழே "எங்கட ஆக்களின்ர மூளை" என்று பெருமையான கருத்துகள். பெருமைப்படத்தக்க விசயம்தான். ஆனால் பாதிக் கதைதான் சொல்லப்படுகிறது. அந்த எஞ்சின்களுக்கு என்ன நடந்தது, என்ன விலை கொடுத்தோம் என்பதை யாரும் எழுதுவதில்லை.

இதை எழுதத் தூண்டியது என் வகுப்பு மாணவன் ஒருவன். "சேர், ஈ.சி.யு. ரீமேப் செய்தால் கார் பழுதாகுமா?" என்று கேட்டான். யூரியூப்பில் லான்சர் எவலூசன், சுபாரு இம்ப்ரெசா போன்ற கார்களைப் பார்த்திருக்கிறான். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் எழுதப்பட்ட கணக்கை மாற்றினால் கூடுதல் வேகம் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். பதில் சொல்ல நான் வெளிநாட்டுக்குப் போகவில்லை. கணினியே இல்லாத காலத்தில் இதே மண்ணில் அதே வேலை நடந்திருக்கிறது.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபின் வடக்குக்கு வரும் பொருள்களுக்குத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது, அதுவும் பல மடங்கு விலையில். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பின் யாழ்ப்பாணத்தின் சனத்தோடு அங்கிருந்த வாகனங்களும் கைப்பழக்கமும் வன்னிக்கு வந்து சேர்ந்தன. (அந்த வருடங்களில் எங்கள் குடும்பம் புத்தளத்தில் இருந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். ஆகவே நான் எழுதுவது கண்டதை அல்ல, இங்கு படிப்பிக்க வந்தபின் கேட்டதையும் படித்ததையும்.)

செய்முறை எளிது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவது, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவது. இது வானத்திலிருந்து விழுந்த யோசனை அல்ல. வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் நின்ற வாட்டர் பம்ப் அதற்கு முன்பே அப்படித்தான் ஓடியது. பம்ப் இழுத்துப் பழகிய கைதான் காரிலும் அதைச் செய்தது என்பது என் எண்ணம்.

இனி விலைக்கு வருவோம். பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் அமுக்கப்பட்டபின் பிளக்கின் தீப்பொறியில்தான் எரிய வேண்டும். அதற்கு முன் தானாக எரியாமல் தாங்கும் திறனைத்தான் ஒக்டேன் எண் சொல்கிறது. நம் ஊர் நிரப்பு நிலையங்களில் உள்ள 92, 95 அதுதான். மண்ணெண்ணெய் இந்த எண்ணுக்குக் கிட்டவும் வராது. நேரத்துக்கு முன்னே வெடிக்கும், எஞ்சின் "டக் டக்" என்று தட்டும். ஒவ்வொரு தட்டும் பிஸ்ரன் தலையில் விழும் சுத்தியல் அடி. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகவும் மாட்டாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் றிங் வழியாகக் கீழிறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும், பெயாரிங் தேயும். வால்விலும் பிளக்கிலும் கரி படியும். இழுவை குறையும். பின்னால் வந்தவர் எல்லோரும் புகையைக் குடித்தார்கள். ஒரு பிளக்கோ ஒரு றிங்கோ கிடைப்பதே பெரும்பாடான காலத்தில் இந்தத் தேய்மானம் நடந்தது என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

பழைய கார்கள் தாங்கியதற்கும் காரணம் உண்டு. ஐம்பதுகளின் ஒஸ்ரின் போன்ற எஞ்சின்களில் அமுக்க விகிதம் ஏறக்குறைய 7 மடங்குதான். இன்றைய கார்கள் பலவற்றில் அது 10 தாண்டும். நாம் புத்திசாலிகள் என்பதோடு, வண்டி பழசு என்பதும் உண்மை.

இங்கிலாந்துக்காரன் இதை முறையாகச் செய்தான். பெர்குசன் டிராக்டர் 1946இல் வந்தது. பிறகு மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் மாதிரியை வெளியிட்டபோது அமுக்க விகிதத்தையே குறைத்துத்தான் எஞ்சினைக் கட்டினார்கள். பெற்றோலில் தொடங்கி மாற்றுவது அங்கும் உண்டு. எங்கள் மெக்கானிக்குக் கிடைத்தது முடிந்துபோன எஞ்சின். டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பித் தீப்பொறியைத் தாமதப்படுத்தலாம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இந்தத் தட்டல் சத்தத்துக்கு உலக வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவில் வீட்டுக்கு மின்சாரம் தரும் மண்ணெண்ணெய் ஜெனரேற்றர்கள் தட்டுவதாக முறைப்பாடு வந்தது. 1916இல் தோமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளர் காரணம் தேடத் தொடங்கினார். 1921இல் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலந்தால் தட்டல் நிற்கும் என்று கண்டார். எஞ்சின் மௌனமானது, பல தலைமுறைப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல்தான் நின்றது. வன்னிக்கான பொருளாதாரத் தடை பெரும்பாலும் நீங்கியதும் அதே ஆண்டு ஜனவரியில்தான்.

இப்போது மாணவனின் கேள்வி. ரீமேப் செய்பவர் தீப்பொறியை முன்னே தள்ளுவார், டேர்போ உள்ள காரில் காற்றழுத்தத்தைக் கூட்டுவார். அதாவது தொழிற்சாலை விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியைத் தின்பார். ஜப்பானில் உயர்தரப் பெற்றோல் ஏறக்குறைய 100 ஒக்டேன். அதற்கு எழுதிய கணக்கை நம் 92இல் ஓட்டினால் அன்றைய மண்ணெண்ணெய்க் காரின் அதே வியாதிதான். தட்டலை உணரும் சென்சர் தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்கும், கொடுத்த காசுக்கான வேகம் போய்விடும். சென்சரின் கட்டுப்பாட்டையும் தளர்த்தியிருந்தால் பிஸ்ரன் உருகும். கிளச், கியர் பெட்டி, டேர்போ எல்லாம் பழைய சக்திக்கே செய்யப்பட்டவை. உத்தரவாதம் இருந்தால் அது போகும். புகைப் பரிசோதனையில் சிக்கலாம். விற்கும்போது வாங்குபவருக்கு உள்ளே எழுதியிருப்பது கண்ணில் தெரியாது. இதில் எனக்கு மிகவும் பிடிக்காதது அந்தக் கடைசி விசயம்தான். மண்ணெண்ணெய்க் கார் மணத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தது.

வேறுபாடு ஒன்றும் உண்டு. அன்று எஞ்சினைக் கெடுத்தவர்களுக்கு அது கெடும் என்று தெரியும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழி இல்லை. அந்த மண்ணெண்ணெயும் சும்மா கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம் அது. காருக்குப் போன ஒவ்வொரு லீற்றரும் ஏதோ ஒரு வீட்டில் விளக்குக்குப் போயிருக்க வேண்டியது. முகநூல் படத்தில் அந்த விளக்கைக் காணோம்.

2022 நெருக்கடியிலும் மண்ணெண்ணெய் மலிவு என்று கலந்து ஓடியவர்கள் இருந்தார்கள். அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனதும் அது அடங்கியது. அடிபட்டது மீனவரின் படகு எஞ்சின்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கம் அந்தக் காலத்தில் கராஜில் வேலை செய்த ஐயாமார், அண்ணாமார் யாராவது இதை வாசித்தால் கீழே எழுதுங்கள். ஒரு எஞ்சின் மண்ணெண்ணெயில் எத்தனை மாதம் தாங்கியது, திறந்து பார்க்கும்போது உள்ளே எப்படி இருந்தது என்று அறிய எனக்கும் என் மாணவர்களுக்கும் ஆசை.