ஒடுக்கியிற் பிறந்த அறிவியல்

நீராவி வலுநிலையங்களைப் பற்றிப் பயிலத் தொடங்கும் மாணவன் முதலிற் சந்திப்பது ஒரு வட்டத்தையாகும். கொதிகலனில் நீர் ஆவியாகின்றது. ஆவி சுழலியைச் சுழற்றுகின்றது. ஒடுக்கியில் அது மீண்டும் நீராகின்றது. பம்பி அந்நீரைக் கொதிகலனுக்குத் திருப்பியனுப்புகின்றது. இந்நான்கு உறுப்புகளுள் மாணவனை மலைக்கவைப்பது ஒடுக்கியே. எரிபொருள் தந்த வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி அங்கு குளிர்நீருக்குத் தாரைவார்க்கப்படுகின்றது. 2011 இல் மின்பிறப்பிக்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலையமும் தன் ஒடுக்கியின் வெப்பத்தைக் கடலுக்கே கொடுக்கின்றது. இவ்விரயத்தை ஏன் நிறுத்தவியலாது என்று வினவினால், பாடநூல் வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியைச் சுட்டி அமைந்துவிடும். ஆயின், அவ்விதி தோன்றியபின் அதனைப் பின்பற்றிப் பொறிகள் அமைக்கப்படவில்லை. பொறிகள் நூற்றாண்டுக்கு மேலாக இயங்கியபின்னரே விதி தோன்றியது. பாடநூல்கள் தலைகீழாக்கிவிட்ட இவ்வரலாற்றை நேராக்கிப் பார்ப்பது பயனுடைத்து.

1712 இல் இங்கிலாந்தின் டட்லிக் கோட்டைக்கு அண்மையில் தோமஸ் நியூகொமன் நிறுவிய பொறியில், வேலையைச் செய்தது உண்மையில் நீராவியன்று, வளிமண்டலமேயாகும். உருளையை ஆவியால் நிரப்பிப் பின் அதனுள்ளேயே குளிர்நீரைத் தெளித்தனர். ஆவி ஒடுங்கி வெற்றிடமுண்டாக, வெளிக்காற்று முசலத்தைக் கீழே அமுக்கியது. பொறி தின்ற நிலக்கரியோ மிகப் பெரிது. வெப்பத்தில் நூற்றிலொரு பங்குகூட வேலையாக மாறவில்லை. எனினும் அது பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கங்களிலேயே இயங்கியது. விலைபோகாத தூட்கரி அங்கு வாயிலிலேயே குவிந்துகிடந்தமையால் எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

கணக்குப் பார்த்தவர் ஜேம்ஸ் வாற். 1763 இல், கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் கருவி செய்பவராயிருந்த அவரிடம் நியூகொமன் பொறியின் சிறு மாதிரியொன்று பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டது. பழுது நீக்கியும் அது சில அடிகளே அடித்து நின்றுவிட்டது. ஆவி எங்கே போகின்றது என்று அளக்கத் தொடங்கிய வாற், ஆவி தன் நிறையைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு குளிர்நீரைக் கொதிநிலைக்கு உயர்த்தவல்லது எனக் கண்டு வியந்தார். அப்பல்கலைக்கழகத்திலேயே கற்பித்துவந்த யோசேப்பு பிளாக், மறைவெப்பம் பற்றிய தம் கொள்கையை எடுத்துரைத்த பின்னரே அதன் காரணம் விளங்கிற்று. பிளாக்கின் கொள்கையிலிருந்தே வாற்றின் கண்டுபிடிப்புப் பிறந்தது என்ற கதை பலகாலம் வழங்கியது. வாற்றே அதனை மறுத்துள்ளார். அவர் கண்ட சிக்கல் வேறு. ஆவி வீணே ஒடுங்காதிருக்க உருளை என்றும் சூடாயிருத்தல் வேண்டும். வெற்றிடம் நன்கமைய அதே உருளை குளிர்ந்திருத்தலும் வேண்டும். 1765 ஆம் ஆண்டு ஞாயிற்றுக்கிழமையொன்றில் கிளாஸ்கோவின் பசும்புற்றரையில் உலாவுகையில் விடை தோன்றியது: ஆவியை வேறொரு பாத்திரத்திற்கு இட்டுச்சென்று அங்கு ஒடுக்குவது. 1769 இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார்.

வாற் நீக்கியது தவிர்க்கத்தக்க விரயத்தையே. தவிர்க்கவியலாத விரயம் அதன் பின்னால் மறைந்திருந்தது. சூடான இடத்தையும் குளிர்ந்த இடத்தையும் இரு வேறு பாத்திரங்களாகப் பிரித்ததனால், பின்வந்தோர் சிந்திப்பதற்குரிய வரைபடத்தை அவர் தம்மையறியாமலே வரைந்துவிட்டார் எனலாம்.

இடையில் கோர்ண்வோலின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களைக் குறிப்பிடாது செல்லல் முறையன்று. அங்கு நிலக்கரியில்லை, கடல்வழியே வேல்சிலிருந்து வரவேண்டும். போல்ற்றனும் வாற்றும் பொறியின் விலைக்குமேல், பழைய பொறியோடு ஒப்பிட்டு மிச்சமான நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைக் கூலியாகக் கேட்டனர். கூலி கணிக்கப் பொறியின் வேலையை அளக்கவேண்டியிருந்தது. ஒரு புசல் நிலக்கரியால் எத்தனை இறாத்தல் நீர் ஓரடி உயர்த்தப்படுகின்றது என்பதே அளவுகோல். வினைத்திறன் என்று நாம் இன்று வழங்கும் எண்ணக்கரு, பணத்தகராறு மிகுந்த இக்கணக்கேடுகளிலேயே உருப்பெற்றது. 1800 இல் ஆக்கவுரிமை முடிவுற்றதும், வாற் ஆபத்தென்று விலக்கிவைத்த உயரமுக்க ஆவி கோர்ண்வோலிற் பரவிற்று. 1811 முதல் பொறிகளின் அளவீடுகள் மாதந்தோறும் அச்சிடப்பட்டன. பொறியியலாளர் ஒருவரையொருவர் விஞ்ச முயன்றனர். வாற்றின் உரிமை முன்னேற்றத்தைத் தடுத்ததா என்பது வரலாற்றாசிரியரிடையே தீராத வழக்கு. உயரமுக்கப் பொறிகள் அதன் பின்னரே தழைத்தமையைக் காணும்போது, தடுத்தது என்பாரின் பக்கமே நாம் சாய்கின்றோம்.

இப்பொறிகளின் பெருமை பிரான்சை எட்டியது. 1824 இல் சாடி கார்னோ என்ற இருபத்தெட்டு வயது இராணுவப் பொறியியலாளர் சிறு நூலொன்றை வெளியிட்டார். பொறியைச் செப்பனிடுவதற்கு முடிவுண்டா என்பதே அவர் வினா. நீர் உயரத்திலிருந்து வீழ்கையிற் சில்லைச் சுழற்றுதல்போல, வெப்பமும் உயர்வெப்பநிலையிலிருந்து தாழ்வெப்பநிலைக்கு வீழ்கையிலேயே வேலை தருகின்றது என்றார். எனவே குளிரில்லாது வெப்பத்தாற் பயனில்லை. ஒடுக்கி பொறியின் குறைபாடன்று, பொறியின் பாதியேயாகும். வெப்பம் அழியாத பாய்பொருள் என்ற தவறான கருத்தின்மேல் நின்றுகொண்டே அவர் இம்முடிபை அடைந்தார் என்பது அறிவியல் வரலாற்றில் அரிதாய்க் காணும் விந்தை. 1832 இல் வாந்திபேதியால் அவர் மாண்டபோது நூலை ஏறக்குறைய எவரும் அறிந்திருக்கவில்லை. 1845 இல் பாரிசுப் புத்தகக் கடைகளில் அதனைத் தேடியலைந்த வில்லியம் தொம்சனுக்கு, பின்னாளிற் கெல்வின் பிரபுவானவருக்கு, ஒரு பிரதியும் அகப்படவில்லை. 1834 இல் கிளப்பெயிரோன் எழுதிய கட்டுரையின் வாயிலாகவே அவர் கார்னோவை அறிந்தார்.

வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறும் என யூல் நிறுவியபோது கார்னோவின் நீர்வீழ்ச்சி உவமை தடுமாறிற்று. வீழும் நீர் குறைவதில்லை; வேலையாக மாறிய வெப்பமோ குறையவேண்டும். 1850 இல் கிளவுசியஸ் முடிச்சை அவிழ்த்தார். வெப்பத்தில் ஒரு பகுதி வேலையாகின்றது. எஞ்சியது குளிர்ப்பொருளுக்குச் சென்றே தீரும். கார்னோவின் மறைவுக்குப் பின் 1878 இல் வெளிவந்த குறிப்புகள், அவரும் இறுதியில் பாய்பொருட் கொள்கையைக் கைவிட்டிருந்தமையைக் காட்டின.

கிளாஸ்கோவிற் பேராசிரியராயிருந்த ரங்கின், 1859 இல் வெளியிட்ட கைந்நூலில் இவ்வறிவைப் பொறியியலாளர் கையாளத்தக்கதாக்கினார். கார்னோவின் இலட்சிய வட்டத்தை நீராவியால் நிறைவேற்றுதல் கடினம். நீரும் ஆவியும் கலந்த கலவையை அமுக்கவேண்டும். ஆவியை முற்றாக நீராக்கிவிட்டாலோ அதனைக் கொதிகலனுக்குள் தள்ள மிகச் சிறிய வேலையே போதும். கொள்கையளவில் வினைத்திறன் சிறிது குறையினும் நடைமுறையில் இலாபம் பெரிது.

இருந்தும் முசலப்பொறியால் ஒடுக்கியின் முழுப்பயனையும் கொள்ளமுடியவில்லை. வளிமண்டல அமுக்கத்தில் இருபதிலொரு பங்களவில், ஏறத்தாழ 33 பாகை செல்சியசில், ஒரு கிலோகிராம் ஆவி 28 கனமீற்றர் இடத்தைப் பிடிக்கும். அதனை அடக்க எத்துணைப் பெரிய உருளை வேண்டும்! 1884 இல் சார்ல்ஸ் பார்சன்ஸ் அமைத்த சுழலியில் ஆவி தடையின்றிப் பாய்ந்து விரிந்தமையால் அவ்விடர் நீங்கிற்று. நிமிடத்துக்கு 18,000 முறை சுழன்ற அம்முதற்பொறியின் வலு 7.5 கிலோவாற்று மட்டுமே. 1900 அளவில் ஜெர்மனியின் எல்பர்பெல்ட் நகருக்கு அவர் நிறுவனம் அனுப்பிய இயந்திரங்கள் ஒவ்வொன்றும் 1,000 கிலோவாற்று வலுவுடையன. 1957 இல் ஐக்கிய அமெரிக்காவின் பிலோ நிலையத்தில் ஆவியின் வெப்பநிலை 621 பாகையை எட்டியது. மேலெல்லையை உருக்கின் தாங்குதிறன் நிருணயித்தது. கீழெல்லையோ, வாற்றின் காலத்திற்போலவே, அருகிலிருந்த ஆற்றுநீரின் குளிர்ச்சியைப் பொறுத்ததாகவே இருந்தது.