வயிற்றுப் பிள்ளையின் அசைவை எண்ணிய வரலாறு

வளைகாப்பில் குலுங்கும் வளையல் ஓசை வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்று கம்பம் பள்ளத்தாக்கில் பெரியவர்கள் சொல்வதுண்டு. இது வெறும் நம்பிக்கையன்று. ஏழாம் மாதத்துக்குள் சிசுவின் செவி இயங்கத் தொடங்கிவிடுகிறது. உரத்த ஓசை கேட்டால் அது துள்ளுவதும் உண்டு. அந்தத் துள்ளலை முதலில் அறிபவள் தாய். ஏறத்தாழ 18 முதல் 20 வாரங்களில் அவள் உணரத் தொடங்கும் இவ்வசைவை, மருத்துவம் ஓர் அளவையாக ஏற்க நெடுங்காலம் ஆயிற்று.

1816-இல் பிரான்சில் லென்னக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். அதைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துப் பார்த்தவர் கெர்கராடெக் என்ற மருத்துவர். பனிக்குட நீரில் பிள்ளை அசையும் சலசலப்பைக் கேட்கலாம் என்று அவர் எண்ணினார். கேட்டதோ கடிகாரம் போன்ற விரைந்த துடிப்பு. சிசுவின் இதய ஒலி! 1821-இல் அதை அவர் அறிவித்தார். அசைவைத் தேடிப் போய் இதயத்தைக் கண்டதால், அடுத்த 150 ஆண்டுகள் மருத்துவர்களின் கவனம் இதயத்தின் மீதே நின்றது. 1895-இல் பினார்டின் மரக்குழல் வந்தது. 1842-இல் டாப்ளர் விளக்கிய அலைவெண் மாற்றம், 1960-களில் சிசுவின் இதயத் துடிப்பை அறியும் கருவியாயிற்று. (டாப்ளர் எண்ணியது இரட்டை விண்மீன்களின் நிறத்தை! இயற்பியல் எங்கெங்கோ போய்ச் சேர்கிறது.)

அசைவின் பக்கம் திருப்பியவர் ஜெருசலத்தைச் சேர்ந்த சடோவ்ஸ்கி. தாய்மாரையே நாள்தோறும் எண்ணச் சொல்லி, 1973-இல் முடிவுகளை வெளியிட்டார். நஞ்சுக்கொடி சரிவர இயங்காது பிராணவாயு குறையும்போது சிசு சிக்கனம் செய்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை ஒதுக்கிவிட்டு, கை கால்களை அசைப்பதைக் குறைக்கிறது. ஆகவே அசைவு நின்ற பின்னும் இதயம் பல மணி நேரம் துடிக்கலாம். பிள்ளையைக் காப்பாற்ற நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுவே.

எத்தனை அசைவு இருந்தால் போதும்? 1976-இல் கார்டிஃபில் பியர்சனும் வீவரும், பின்னர் நலமான குழந்தை பெற்ற 61 பெண்களின் 1,654 நாள் கணக்குகளைப் பார்த்தனர். 12 மணி நேரத்தில் பத்துக்கும் குறைவாக இருந்தவை 2.5 விழுக்காடுதான். 'பத்து வரை எண்ணு' என்ற விதி இவ்வாறு பிறந்து உலகெங்கும் பரவியது. பரவலின் வால்முனையில் கோடு கிழிப்பது இயற்பியலார்க்குப் பழகியதே. எனினும் 61 பேரிடம் கிழித்த கோடு எல்லாத் தாய்மார்க்கும் பொருந்தும் என்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரு பிள்ளை நாளெல்லாம் துள்ளும். மற்றொன்று இயல்பிலேயே சாது.

1989-இல் கிராண்ட் குழுவினர் 68,000 பெண்களிடம் சோதித்தனர். எண்ணிய குழுவிலும் எண்ணாத குழுவிலும் சிசு இறப்பு ஏறத்தாழ ஒன்றே. காரணம் கவனிக்கத்தக்கது: எண்ணச் சொல்லியும், தாய் மருத்துவரை அடைவதற்குள் பெரும்பாலான சிசுக்கள் இறந்திருந்தன. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4,09,175 பிரசவங்களில் அசைவுக் குறைவு பற்றிய விழிப்பூட்டலும் சிகிச்சைத் திட்டமும் ஆராயப்பட்டன. 2018-இல் வெளியான அம்முடிவுப்படி, ஆயிரத்துக்கு 4.40 ஆக இருந்த இறந்து பிறப்பு 4.06 ஆயிற்று. இது உறுதியான குறைவு என்று கொள்ள முடியவில்லை. சிசேரியனோ கூடியது.

எண் தோற்றாலும் தாயின் உணர்வு தோற்கவில்லை. தன் பிள்ளையின் வழக்கமான அசைவு மாறியதை அவளே அறிவாள். ஆனால் நடக்கையிலும் வேலையிலும் அசைவு சரியாகத் தெரியாது. விடியலில் ஜீப்பேறிக் கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டம் செல்லும் பெண்ணுக்கு மாலையில் வீட்டில் படுத்த பின்பே ஐயம் எழும். அப்போது "நிறைமாதத்தில் இடமில்லை, அசைவு குறையும்" என்று யாரேனும் தேற்றுவர். அது தவறு; அசைவின் தன்மை மாறலாம், அளவு குறையாது. பிள்ளை உறங்குவதும் ஒரு முறைக்கு 20 முதல் 40 நிமிடமே; 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

2004-இல் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2008-இல் 108 ஊர்தி வந்தது. ஆகவே இரவானாலும் விடியும்வரை காத்திராமல் புறப்படலாம். அங்கே இதய ஒலி கேட்டதும் திரும்பிவிடாமல், துடிப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாளில் வரையும் சோதனையையும், தேவையானால் ஸ்கேனையும் கேட்டுப் பெற வேண்டும். கெர்கராடெக் கேட்ட அந்தத் துடிப்பு, பிள்ளை உயிருடன் இருப்பதை மட்டுமே சொல்லும். நலமாக இருப்பதைச் சொல்லாது.