உதிரம் நிற்கும் வரை

பெரியாற்றங்கரையில் வண்டிப்பெரியாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தமிழ் மக்கள் குடியேறித் தலைமுறைகள் பல சென்றுவிட்டன. லயத்து வீடாயினும் மாளிகையாயினும், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் கவலை தீர்ந்தது என்று எண்ணுவது நம்மவர் இயல்பு. ஆனால் தாய்க்குப் பெரும் ஆபத்து பல வேளைகளில் அதற்குப் பின்னரே வருகின்றது.

நிறைமாதத்தில் கருப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் பாய்கின்றது. நஞ்சுக்கொடி கழன்றதும் கருப்பையின் தசைநார்கள் இறுகி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து மூடவேண்டும். தசை தளர்ந்துவிட்டால் உதிரம் நிற்பதில்லை. தக்க சிகிச்சை இல்லையேல் திடமான பெண்ணும் இரண்டு மணி நேரத்தில் மாண்டு போகக்கூடும். ஆகவே இந்நோயின் சரித்திரம் மருந்தின் சரித்திரம் மட்டுமன்று. தூரத்தோடு மனிதன் நடத்திய போராட்டத்தின் சரித்திரமும் ஆகும்.

வண்டிப்பெரியாறு அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. லண்டனில் பட்டம் பெற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1916-இல் திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பணியேற்றார். ஊர் மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொள்ளாமல், அவர்களுடைய பிள்ளைகளையே சேர்த்துப் பிரசவப் பயிற்சி அளித்தார். பிற்காலத்தில், 1938-இல், சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலாகவும் உயர்ந்தார். அந்தப் பதவியினும் அந்தப் பயிற்சியே பெரிது என்பது என் எண்ணம்.

மருந்து வந்த வழியும் விந்தையானது. ரை என்னும் தானியக் கதிரில் பற்றும் எர்காட் பூஞ்சணத்தை ஐரோப்பிய மருத்துவச்சிகள் முன்பே அறிந்திருந்தனர். 1808-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டேர்ன்ஸ் அதைப் பற்றி எழுதினார். அதிலிருந்து எர்கோமெட்ரினை டட்லி, மோயர் என்ற இருவர் 1935-இல் பிரித்தெடுத்தனர். 1940-களில் நம் நீலகிரியிலும் இப்பூஞ்சணத்தை வளர்த்தார்கள் என்பதைப் பலர் அறியார். ஆக்சிடோசினை 1953-இல் செயற்கையாகச் செய்து காட்டிய வின்சென்ட் து விக்னோ 1955-இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்விரு மருந்துகளுக்கும் ஒரு குறை உண்டு. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிடில் வீரியம் குன்றும். மலைக்குளிர் அதற்குப் போதாது! ஊசி போடத் தெரிந்தவரும் வேண்டும். குளிர்ப்பெட்டி தேவையற்ற மிசோபிரஸ்டால் மாத்திரை இவ்விடத்தில் கைகொடுத்தது. கர்நாடகத்துப் பெல்காம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் 1,620 தாய்மாரிடையே நடந்த ஆராய்ச்சியில், பிரசவம் பார்த்த துணைச் செவிலியரே அதை வழங்கினர். மாத்திரை பெறாதவருள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு ஏற்பட்ட பெரும் உதிரப்போக்கு, பெற்றவருள் நூற்றுக்கு ஆறேகாலுக்குச் சற்று மேலாகக் குறைந்தது. 2006-இல் இம்முடிவு வெளியாயிற்று.

அதே பெல்காமில் இன்னொன்றும் தெளிவாயிற்று. கண்ணால் பார்த்து உதிரத்தின் அளவைச் சொல்பவர், உண்மையில் போனதில் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கில் விட்டுவிடுகிறார். எனவே தாயின் அடியில் விரித்து, வழியும் உதிரத்தை அளவுக்கோடிட்ட பையில் சேர்க்கும் பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்தினர். அதுபோன்ற விரிப்பால் விரைந்து கண்டறிந்து, கருப்பையைத் தேய்த்துவிடுதல், மருந்துகள், நரம்புவழித் திரவம் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேர அளிக்கும் முறை, ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது. கடுமையான உதிரப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, மரணம் ஆகியவை 60 சதவீதம் குறைந்ததாக 2023-இல் அறிவித்தனர்.

ஆயினும் இரத்தம் ஏற்றவேண்டிய நிலை வந்தால் மாத்திரை போதாது. வண்டிப்பெரியாற்றிலிருந்து மேற்கே இறங்கினால் கோட்டயம். கிழக்கே குமுளியைக் கடந்து இறங்கினால் தேனி. இரு திசையிலும் மலைச்சாலை வளைந்து வளைந்தே செல்கின்றது. வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால், எப்போது புறப்படுவது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். தாயின் அருகில் அமர்ந்து நனைந்த துணியை மாற்றும் மாமியாரோ அக்காளோதான்.