பள்ளிகளுக்கும் காவல் துறைக்கும் இடையே அவசரத் தொடர்பு: அரசு நிதியும் கோலார் தங்கவயலின் நிலையும்

பெங்களூரு மாநகரிலும் புறநகரிலும் உள்ள 60-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 2023 டிசம்பர் 1-ஆம் தேதி மின்னஞ்சல் வழியாக வெடிகுண்டு மிரட்டல் வந்தது. சோதனைக்குப் பின் அது வெறும் புரளி எனத் தெரியவந்தது. எனினும், ஆபத்து நேரத்தில் ஒரு பள்ளி காவல் துறையை எவ்வளவு விரைவில் எட்ட முடியும், அதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்விகள் அன்று முன்னுக்கு வந்தன. தலைநகருக்கு வெளியே, கோலார் தங்கவயல் போன்ற சிறு நகரங்களில் அவற்றுக்கான விடை வேறுபடுகிறது.

நிர்பயா நிதி

இந்தியாவில் அவசரத் தொடர்பு வசதிகளுக்கான முக்கிய நிதி ஆதாரம், 2013-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தொடங்கப்பட்ட நிர்பயா நிதி ஆகும். காவல், தீயணைப்பு, மருத்துவ உதவிகளை ஒரே எண்ணில் இணைக்கும் 112 அவசர உதவித் திட்டத்துக்கு இந்நிதியிலிருந்து 321.69 கோடி ரூபாய் ஒப்புதல் அளிக்கப்பட்டது. 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கிய இச்சேவை, பின்னர் கர்நாடகம் உள்ளிட்ட பிற மாநிலங்களுக்கும் விரிந்தது.

இதே நிதியிலிருந்து சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் உள்ளிட்ட 8 பெருநகரங்களில் பாதுகாப்பான நகரத் திட்டம் செயல்படுத்தப்படுகிறது. செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. கண்காணிப்புக் கேமராக்களும், பொத்தானை அழுத்திக் காவலரை அழைக்கும் சாவடிகளும் இத்திட்டத்தில் அமைகின்றன. கர்நாடகத்தில் இதற்குத் தேர்வான ஒரே நகரம் பெங்களூரு. எனவே தங்கவயல் பள்ளிகள் பொதுவான 112 சேவையையே நம்பியுள்ளன.

தங்கவயலின் தனித்தன்மை

சுரங்கக் காலத்தின் தொடர்ச்சியாக, கோலார் மாவட்டத்துக்குள்ளேயே தங்கவயலுக்குத் தனிக் காவல் கண்காணிப்பாளர் இருக்கிறார். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிகுப்பம் ஆகிய பகுதிகள் அவரது எல்லைக்குள் வருகின்றன. முல்பாகல் போன்ற வட்டங்களோ கோலார் மாவட்டக் காவல் துறையின் கீழ் உள்ளன. ஆனால் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் மாவட்டக் கல்வி நிர்வாகமும் கோலாரிலேயே இயங்குகின்றன. இதனால் பள்ளிப் பாதுகாப்புக்கான எந்த மாவட்ட அளவிலான ஏற்பாடும், ஒரே கல்வி நிர்வாகத்துக்கும் இரண்டு காவல் நிர்வாகங்களுக்கும் இடையிலான ஒருங்கிணைப்பைச் சார்ந்தே அமைகிறது.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அதன்பின் தங்கவயலைச் சேர்ந்த பலர் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். பெற்றோர் நெடுந்தொலைவில் இருக்கும் பகல் வேளையில், குழந்தைகளுக்கு ஆபத்து நேர்ந்தால் முதலில் செயல்பட வேண்டியவர்கள் ஆசிரியர்களும் உள்ளூர்க் காவலர்களுமே.

சட்டக் கடமைகள்

பள்ளியிலிருந்து காவல் நிலையத்துக்கு நேரடி அபாய ஒலிப்பான் அமைப்பதைக் கட்டாயமாக்கும் தேசியச் சட்டம் இந்தியாவில் இல்லை. எனினும், போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் குறித்து அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து மத்திய கல்வி அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மாணவர் பாதுகாப்பில் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பை வரையறுக்கின்றன.

அமெரிக்காவில் வேறு அணுகுமுறை காணப்படுகிறது. 2018-இல் புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மாணவி அலிசாவின் பெயரால் நியூஜெர்சி மாநிலம் 2019-இல் சட்டம் இயற்றியது. அரசுப் பள்ளிகள் காவல் துறையுடன் இணைந்த ஓசையற்ற அபாயப் பொத்தானை அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த 50 கோடி டாலர் கடன்பத்திர நிதியின் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. கடமையை விதித்த அரசே செலவுக்கும் வழி செய்தது.

இப்போது உள்ள வசதிகள்

தங்கவயல் பள்ளிகள் கூடுதல் செலவின்றிப் பயன்படுத்தக்கூடியவை சில உள்ளன. 112-ஐ அழைத்தால் தகவல் மாநிலக் கட்டுப்பாட்டு மையம் வழியாக உள்ளூர்க் காவல் வாகனத்துக்குச் செல்கிறது. 2017 முதல் விற்பனையாகும் கைபேசிகளில் அபாயப் பொத்தான் வசதி கட்டாயம்; சாதாரணக் கைபேசிகளில் 5 அல்லது 9 என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு செல்லும். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணும் 2023-இல் 112 சேவையுடன் இணைக்கப்பட்டுள்ளது. இவற்றுடன், தமது எல்லைக்குரிய காவல் நிலையத்தின் எண்ணையும் குழந்தைகள் நலக் காவல் அலுவலரின் விவரத்தையும் பள்ளியில் அனைவரும் காணும் இடத்தில் எழுதி வைப்பது, தொடர்புக்கான நேரத்தைப் பெருமளவு குறைக்கும்.