புலன் சீராக்கம்: ஆட்டிசக் குழந்தைகளுக்கு வீட்டில் துணைநிற்றல்

ஒலி, ஒளி, தொடுகை, மணம், சுவை இவற்றை ஏற்று, பதறாமல் நிலைகொள்ளும் திறனே புலன் சீராக்கம். உடலின் சமநிலையை அறியும் உள்காது உணர்வும், தசை, மூட்டுகள் தரும் உணர்வும் இதில் சேரும். குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையிலேயே பேரோசைக்கு அஞ்சும் குழந்தைகள் வருகிறார்கள். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு புலன் வேறுபாட்டை ஆட்டிசத்தின் அளவுகோல்களுள் ஒன்றாக வைத்தது 2013இல்தான்.

மிக்ஸி ஓடினால் காதைப் பொத்தி அலறும் அதே குழந்தை, முழங்கால் சிராய்த்தாலும் அழாமல் இருக்கலாம். இது அடமன்று, அடித்துத் திருத்தக்கூடியதும் அன்று. எந்த நேரத்தில், எதற்குப் பிறகு பதற்றம் வருகிறது என்று சில நாள் குறித்துவைத்தால் காரணம் பெரும்பாலும் பிடிபடும். பிறகு மாற்ற வேண்டியது முதலில் சூழலைத்தான். மிக்ஸி போடுமுன் சொல்லிவிடலாம், மினுக்கும் டியூப்லைட்டை மாற்றலாம், சட்டைக் கழுத்தில் உறுத்தும் லேபிளை வெட்டிவிடலாம். குழைந்த சோறு பிடிக்காத குழந்தையின் வாயில் அதைத் திணிக்கக் கூடாது.

அசைவும் அழுத்தமும் பல குழந்தைகளை அமைதிப்படுத்துகின்றன. மெதுவாக ஆடும் ஊஞ்சல், சப்பாத்தி மாவு பிசைதல், தண்ணீர்க் குடம் தூக்க உதவுதல் ஆகியவை செலவில்லாதவை. வேகமாகச் சுற்றுவது சிலரை மேலும் கிளறிவிடும். ஆட்டிசம் உள்ள அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின், மாடுகளை அணைத்துப் பிடிக்கும் கூண்டைப் பார்த்துத் தமக்கென ஓர் அழுத்தக் கருவி செய்துகொண்டார். அதன் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையிலேயே இருந்தது. வீட்டிலும் அதுவே நெறியாக வேண்டும்: குழந்தை விரும்பாத அணைப்பு உதவியாகாது. அழுத்தம் தரும் எடைப் போர்வையைக் குழந்தையால் தானாகவே விலக்க முடிய வேண்டும். 2014இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அது உறக்கத்தைக் கூட்டவில்லை.

கைகளை உதறுவதும் முன்னும் பின்னும் ஆடுவதும் குழந்தை தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் வழிகள். காயம் நேராதவரை அவற்றைத் தடுப்பது கொடுமை. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது பேச்சைக் குறைத்து, விளக்கை மங்கலாக்கி, கூடியிருப்பவர்களை விலக்கினால் போதும். அறிவுரை அப்போது காதில் ஏறாது. அமைதி மூலை ஒன்று இருப்பது நல்லது, ஆனால் அதைத் தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாது.

இதுவரை இல்லாத பதற்றம் திடீரென வந்தால் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.