கையொப்பம் இல்லாத ஒப்படைப்பு

இருப்புப்பாதையின் வரலாற்றை எழுதுவோர் அதனைத் திட்டமிட்ட அரசரையும் அமைத்த பொறியாளரையும் போற்றுவர். பாதை ஊடுருவிச் சென்ற மண்ணின் மக்களை மறந்துவிடுவர். மட்டாஞ்சேரித் தமிழர்களாகிய நம்முள் பலரை இவ்வூருக்குக் கொணர்ந்து சேர்த்தது இரயிலே. ஆதலின் அம்மறதியைக் களையும் கடமை நமக்கும் உண்டு.

ஷொரணூரிலிருந்து எறணாகுளம் வரை ஏறத்தாழ 65 மைல் நீளமுள்ள பாதை 1902-இல் திறக்கப்பெற்றது. அதற்குப் பொருள் திரட்டக் கொச்சி மன்னர் இராமவர்மா, திருப்பூணித்துறைப் பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் 15 பொன் நெற்றிப்பட்டங்களுள் 14-ஐ விற்றார் என்பது இந்நாட்டார் இன்றும் பெருமையுடன் கூறும் செய்தியாகும். பொன் ஈந்தவர் பெயர் நிலைத்தது. மண் இழந்தவர் பெயர் யாது?

அப்பாதையை அடுத்துக் கொச்சி அரசு இன்னொன்றையும் அமைத்தது. பரம்பிக்குளத்துத் தேக்கு மரங்களைச் சாலக்குடி இரயில் நிலையத்திற்குக் கொணர்வதற்காக, ஏறத்தாழ 50 மைல் நீளமுள்ள டிராம்பாதை 1907 அளவில் முழுமை பெற்றது. செங்குத்தான சரிவுகளில், மரம் ஏற்றிய வண்டி இறங்கும்போது அதன் எடையே கம்பிவடத்தின் வழியாக வெற்றுவண்டியை மேலே இழுக்கும். இவ்வரிய அமைப்பு 1963 வரை நிலவியது.

ஆனால் அக்காடு ஆளற்ற காடு அன்று. தேனும் குங்கிலியமும் கிழங்கும் தேடி வாழ்ந்த காடர்களின் தாயகம் அது. ஆனைமலையின் இருபுறமும் வாழும் அம்மக்களின் பேச்சு, தமிழோடும் மலையாளத்தோடும் நெருங்கிய உறவுடையது. எனவே அவர்கள் நமக்கு அயலார் அல்லர்.

கனடா நாட்டில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பு நோக்குவோம். பசிபிக் இருப்புப்பாதைக்கும் குடியேற்றத்திற்கும் வழிவகுக்க, 1871 முதல் 1877 வரை கனடா அரசு ஆங்குள்ள பழங்குடிகளோடு ஏழு உடன்படிக்கைகள் செய்துகொண்டது. 1877-ஆம் ஆண்டின் ஏழாம் உடன்படிக்கை, பரந்த நிலத்திற்கு ஈடாக ஆளுக்கு ஆண்டுதோறும் 5 டாலர் வழங்கியது. தாங்கள் இசைந்தது சமாதானத்திற்கே, நில ஒப்படைப்புக்கு அன்று என அம்மக்களின் மூத்தோர் கூறிவந்துள்ளனர். அவ்வுடன்படிக்கை நேர்மையற்றதாயினும், வழக்காடுவதற்கு ஒரு தாளாவது எஞ்சியது.

இங்கோ, காடு முழுவதும் அரசின் உடைமை எனக் கொள்ளப்பட்டது. பத்திரம் உடையவர்க்கே ஈடு உண்டு; காடர் கையிலோ பத்திரம் இல்லை. அவர்களிடம் கேட்டுப் பெறவேண்டும் என்னும் எண்ணமே எழவில்லை. சொந்த மண்ணிலேயே அவர்கள் வனத்துறைக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுப்பொருள் சேகரிக்கும் கூலிகளாகவும் ஆயினர்.

2006-இல் இயற்றப்பெற்ற வன உரிமைச் சட்டம், பழங்குடியினர்க்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று ஒப்புக்கொண்டது. அதன்படி 2014-இல் வாழச்சால் பகுதியின் காடர் குடியிருப்புகள் சமூக வன உரிமை பெற்றன. தண்டவாளங்கள் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அம்மக்களின் கைக்கு ஒரு தாள் வந்து சேர்ந்தது.

நெற்றிப்பட்டத்தின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அதனோடு காடர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுவோம். அப்போதுதான் வரலாறு நிறைவுறும்.